பழைய மிலிட்டரி ட்ரெய்லரை டென்ட் கேம்பரா மாத்துறது எப்படி: எம்416 வச்சு ஒரு முழு கணக்கு

அமெரிக்கால ஜீப்பு வச்சுக்கிட்டு மலை, பாலைவனம்னு சுத்துற ஆளுங்ககிட்ட கொஞ்ச நேரம் பேசினீங்கன்னா எப்படியும் எம்416னு ஒரு பேரு வந்துரும். 1960கள்ல இருந்து அமெரிக்க ராணுவம் எம்151 ஜீப்புக்குப் பின்னாடி மாட்டி இழுத்த ட்ரெய்லர் அது. மூடி இல்லாத ஒரு இரும்புத் தொட்டி, ரெண்டு சக்கரம், முன்னாடி ஒரு இரும்பு வளையம், வேற ஒண்ணும் கிடையாது. மட்கார்டு தொட்டிக்கு வெளிய இருக்குறதால உள்ள சக்கரத்துக்குன்னு மேடு எதுவும் இல்ல, சுத்தமான செவ்வகம், டிராயர் பண்ணி மாட்டுறதுக்கும் பெட்டி அடுக்குறதுக்கும் அவ்வளவு வசதி. ஆத்துல இறங்கினா மிதக்கணும்னு தண்ணி புகாத மாதிரி செஞ்சிருக்காங்க, அதனால அடியில தண்ணி வெளிய விடுறதுக்கு அடைப்பான் வச்ச ஓட்டை இருக்கும். இந்த ஓட்டையை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

புது ஆஃப்ரோட் கேம்பர் ட்ரெய்லர், அதாவது கரடுமுரடான பாதையில இழுத்துட்டுப் போயி படுத்துத் தூங்குற ட்ரெய்லர், விக்கிற விலைக்கு இதை வாங்கி நாமளே பண்ணிக்கிறது ரொம்ப மலிவுன்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க. மலிவுதான், ஆனா ஒரு கண்டிஷன். எம்416 கால் டன் ட்ரெய்லர், அமெரிக்கக் கணக்குல கால் டன்னா 500 பவுண்டு, கரடுமுரடான பாதையில அது சுமக்குறதுக்குன்னு செஞ்ச எடை அவ்வளவுதான். காலி வண்டியே 580 பவுண்டு பக்கம் வரும், ஆக மொத்தம் 1080. ட்ரெய்லர் வாங்குறவங்க பணத்துக்கு பட்ஜெட் போடுறாங்க, எடைக்குப் போடுறதில்ல, நான் சொல்லுவேன் எடைக்குத்தான் முதல்ல போடணும்னு. கணக்கு எப்படி ஓடுதுன்னு பாருங்க. ரெண்டு மூணு பேர் படுக்குற துணி டென்ட்டு ஒரு 140 பவுண்டு. அதைத் தாங்குற இரும்பு ஃப்ரேம் 60. தொட்டிக்கு மேல மூடி 40. 10 கேலன் தண்ணி, கேலனுக்கு 8.3 பவுண்டுன்னா 83. சின்ன 12 வோல்ட் ஃப்ரிட்ஜு 45. லித்தியம் பேட்டரி 100 ஆம்பியர் அவர் 28. 20 பவுண்டு கேஸ் சிலிண்டர், காலி எடை 17ம் சேத்து 37. கூட்டினா 433 ஆயிடுச்சு, இன்னும் அடுப்பு இல்ல, பாத்திரம் இல்ல, அரிசி இல்ல, மெத்தைக்கு மேல போடுற போர்வைகூட இல்ல, ஸ்டெப்னி வேற இருக்கு. அதனால கீழ சொல்லப்போற ஒவ்வொரு வேலையிலயும் இந்த 500ஐ மனசுல வச்சுக்கிட்டே படிங்க.

எந்த ட்ரெய்லர்னு முதல்ல முடிவு பண்ணிக்கலாம். எம்416க்கு முன்னாடி எம்100, அது கொரியா போர் காலத்து எம்38 ஜீப்புக்கு வந்தது, ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான், கேம்பர் வேலைக்கு எது நல்ல நிலைமையில கிடைக்குதோ அதை எடுங்க. அதுக்கும் முன்னாடி ரெண்டாம் உலகப் போர்ல பான்டம் டி3. பென்சில்வேனியா பட்லர் ஊர்ல இருந்த அமெரிக்கன் பான்டம் கம்பெனிதான் 1940ல ஜீப்போட முதல் மாதிரியைச் செஞ்சு குடுத்தது, ஆனா பெரிய ஆர்டர் எல்லாம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிடுச்சு, ஜீப்பைக் கண்டுபிடிச்சவங்க கையில கடைசியில ட்ரெய்லர் செய்யிற வேலைதான் மிஞ்சுச்சு. அந்த பான்டம் ட்ரெய்லர் உங்களுக்கு முழுசா, பேர்த் தகடு எல்லாம் ஒட்டியிருக்குற நிலைமையில கிடைச்சா தயவுசெஞ்சு கிரைண்டர் வச்சு அறுக்காதீங்க, பழைய ஜீப்பு சேகரிக்கிறவங்க தேடிக்கிட்டு இருக்காங்க, அவங்ககிட்ட வித்துட்டு அந்தக் காசுல ஒரு எம்416 வாங்கிக்கங்க. பெருசா வேணும்னா முக்கால் டன் எம்101 இருக்கு, இடம் நிறைய, ஆனா காலியாவே 1300 பவுண்டுக்கு மேல. ரெண்டு கதவு ஜீப்பு ரேங்ளருக்கு இழுக்குற அளவே பொதுவா 2000 பவுண்டுதான், நாலு கதவுக்குப் பெரும்பாலும் 3500. பெரிய பிக்கப் வச்சிருக்கீங்கன்னா எம்101 பாருங்க, இல்லன்னா வேணாம்.

அடுத்தது பேப்பர். இதை வெல்டிங் வேலைக்கு முன்னாடியே முடிச்சுருங்க, ஏன்னா டைட்டில், அதாவது வண்டி உங்களோடதுன்னு சொல்ற பத்திரம், கிடைக்காத ட்ரெய்லர்ல எவ்வளவு அழகா வேலை பண்ணினாலும் ரோட்டுல எடுத்துட்டுப் போக முடியாது. அரசாங்க ஏலத்துல நேரா எடுத்தா எஸ்எஃப் 97னு ஒரு ஃபார்ம் குடுப்பாங்க, அதை வச்சு உங்க மாநில டிஎம்வில, நம்ம ஊர் ஆர்டிஓ மாதிரி, டைட்டில் வாங்கிக்கலாம். ஆனா நிறைய எம்416 அஞ்சாறு கை மாறி ஏதோ ஒரு பண்ணையில விறகு ஏத்திக்கிட்டு கிடந்ததுதான், விக்கிறவர்கிட்ட ஒரு காகிதமும் இருக்காது. சில மாநிலத்துல ட்ரெய்லருக்கு டைட்டிலே கேக்க மாட்டாங்க, பில்லு இருந்தா போதும், சில மாநிலத்துல வீட்டுல செஞ்ச ட்ரெய்லர் மாதிரி கணக்குல எடுத்து ஆள் வந்து பாத்து புது நம்பர் குடுப்பாங்க. போன் பண்ணிக் கேட்டுட்டு அப்புறம் காசு குடுங்க. தொட்டியில ரிவிட் அடிச்சு ஒரு தகடு இருக்கும், மாடல், சீரியல் நம்பர், வருஷம் எல்லாம் அதுலதான், பெயின்ட் அடிச்சு மறைச்சிருந்தா பக்குவமா சுரண்டிப் பாருங்க, அதைக் கழட்டி எறிஞ்சிட்டு அப்புறம் அலையிறவங்க நிறைய பேர்.

வாங்கப் போறப்ப ஒரு டார்ச்சு, ஒரு சுத்தியல், ஒரு ஜாக்கி எடுத்துக்கங்க. முதல்ல தொட்டிக்குள்ள அந்த அடைப்பான் ஓட்டையைச் சுத்திப் பாருங்க. அடைப்பான் மாட்டின நிலையில மழையில நிறுத்தினா தொட்டி குளம் ஆயிடும், துரு அங்க இருந்துதான் ஆரம்பிக்கும். சுத்தியலால லேசா தட்டிக்கிட்டே வாங்க, கணீர்னு கேட்டா நல்ல இரும்பு, பொத்துனு கேட்டா உள்ள செத்துப்போச்சு. தரைத் தகட்டுல கொஞ்சம் ஓட்டைன்னா பயப்பட வேணாம், ஒட்டுப் போட்டுக்கலாம். ஆனா அடிச் சேஸிஸ்ல, முக்கியமா முன்னாடி நீட்டிட்டுப் போற ட்ரா பார் தொட்டியோட சேர்ற இடத்துல விரிசல் இருந்தா விலை பேசாம திரும்பிடுங்க. லீஃப் ஸ்பிரிங்குல உடைஞ்ச இலை இருக்கான்னு பாருங்க, ஜாக்கி போட்டுத் தூக்கி சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னா பேரிங் போயிடுச்சு, அது பெரிய செலவு இல்ல. டயர் நல்லாத்தானே இருக்குன்னு விக்கிறவர் சொல்லுவார், பட்டன் தேயவே இல்லன்னு காட்டுவார். பக்கவாட்டுல வாரம், வருஷம்னு நாலு இலக்க நம்பர் இருக்கும், மூணு இலக்கமா இருந்தா அது 2000க்கு முன்னாடி செஞ்ச டயர், அதை வச்சு வீட்டுக்குக்கூட ஓட்டிட்டு வராதீங்க, வேற ட்ரெய்லர்ல ஏத்திக் கொண்டு வாங்க.

இப்ப பெயின்ட். இங்கதான் கொஞ்சம் நிதானமா படிக்கணும், ஏன்னா இது உடம்பு சமாச்சாரம். பழைய மிலிட்டரி பெயின்ட்டுல, அடியில போட்ட பிரைமர்ல, ஈயமும் குரோமேட்டும் இருக்குறதுக்கு நல்ல வாய்ப்பு. 1980கள்ல இருந்து ராணுவம் கார்க்னு ஒரு பாலியூரித்தேன் கோட்டிங்குக்கு மாறிடுச்சு, ரசாயன ஆயுதம் பட்டா அதை உறிஞ்சிக்காம கழுவி விடுற மாதிரி செஞ்சது, கல்லு மாதிரி இருக்கும், அதையும் வறட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா வர்ற தூசி நுரையீரலுக்கு ஆகாது. அதனால கிரைண்டர்ல பட்டையக் கிளப்புறது எல்லாம் வேணாம். மொத்தமா உரிக்கணும்னா சாண்ட் பிளாஸ்டிங் கடையில மிலிட்டரி பெயின்ட்டுன்னு முன்கூட்டியே சொல்லிக் குடுங்க. அது கட்டுப்படி ஆகலன்னா உரிக்காதீங்க, நல்லா ஒட்டிக்கிட்டு இருக்குற பெயின்ட்டை அப்படியே விட்டு, துரு இருக்குற இடத்தை மட்டும் தண்ணி தொட்டு ஈரமா தேய்ச்சு, துரு மாத்துற கெமிக்கல் தடவி, அது மேல எப்பாக்ஸி பிரைமர், அப்புறம் நீங்க விரும்புற கலரு. மூக்குல கட்டுற துணி மாஸ்க் எல்லாம் கணக்குல வராது, பி100 ஃபில்டர் மாட்டின ரெஸ்பிரேட்டர் போடுங்க, வேலை முடிஞ்ச சட்டையை வீட்டுல குழந்தைங்க துணியோட சேத்துத் துவைக்காதீங்க. வெல்டிங் பண்ற இடத்துல ரெண்டு இன்ச்சாவது சுத்தி வெறும் இரும்பு தெரியணும். அந்த இரும்பை பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைச்சிட்டு வெல்டிங் பண்ணவே கூடாது, குளோரின் இருக்குற கிளீனர் வெல்டிங் சூட்டுல பாஸ்ஜீன் வாயுவா மாறும், முதல் உலகப் போர்ல ஆள் கொல்ல விட்டதே அந்த வாயுதான். அசிட்டோன் போட்டுத் துடைங்க, நல்லா காயட்டும், அப்புறம் பத்த வைங்க. தொட்டிக்குள்ள பெட்லைனர்னு ரப்பர் மாதிரி தடியான பெயின்ட்டை அடிச்சுட்டா சத்தமும் குறையும், பொருளும் வழுக்காது.

சக்கரத்துக்கு வருவோம். பேரிங்கை எப்படி இருந்தாலும் கழட்டிருங்க, எந்தக் காலத்து கிரீஸ் உள்ள காஞ்சு கிடக்குதோ தெரியாது. மூடியை எடுத்தா ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர், வெளிப் பேரிங், அப்புறம் ஹப்போட உள் பேரிங் வரும். எல்லாத்தையும் மண்ணெண்ணெயில கழுவி வெளிச்சத்துல பாருங்க, உருளையில நீலம் பாஞ்சிருந்தாலோ குழி விழுந்திருந்தாலோ புதுசு, பேரிங் மாத்தினா ஹப்புக்குள்ள உக்காந்திருக்குற ரேஸையும், அதாவது உருளைங்க ஓடுற வளையத்தையும், சேத்து மாத்தணும். புது சீல் கட்டாயம். கிரீஸை உள்ளங்கையில வச்சு பேரிங்கை அழுத்தி அழுத்தி மறுபக்கம் பிதுங்கி வர்ற வரைக்கும் திணிங்க, மேலாக்க பூசினா போதாது. மாட்டுறப்ப ஹப்பைச் சுத்திக்கிட்டே நட்டை இறுக்கி, அப்புறம் தளர்த்தி, விரலால எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு மட்டும் இறுக்கி ஸ்பிளிட் பின் போடுங்க, அது எப்பவும் புதுசுதான், பழசை நிமுத்திப் போடாதீங்க.

பழைய பான்டம், எம்100 எல்லாத்துலயும் இடது பக்க சக்கர நட்டு எதிர்த் திசையில சுத்துற மாதிரி இருக்கலாம், ஸ்பேனர் மேல ஏறி நின்னு போல்ட்டை ஒடிக்கிறதுக்கு முன்னாடி நுனியில எல் எழுத்து அடிச்சிருக்கான்னு பாத்துக்கங்க. பான்டம்ல சில சமயம் ரெண்டு துண்டா போல்ட் பண்ணின ரிம்மு வரும், காத்தை முழுசா இறக்காம அந்த நட்டுங்களைத் தொட்டா ரிம்மு வெடிச்சு ஆளை அடிக்கும், அதை டயர் கடைக்காரர்கிட்ட விட்டுருங்க.

ட்ரெய்லர் டயரும் ஜீப்பு டயரும் ஒரே சைஸ், ஒரே ரிம்மா இருந்தா ஒரே ஸ்டெப்னி போதும். இது வெறும் அழகுக்காகன்னு நினைக்காதீங்க, ஒரு ஸ்டெப்னியும் ரிம்மும் 60, 70 பவுண்டு வரும், நம்ம 500ல அது எவ்வளவு பெருசு. எம்416 ஹப்புல அஞ்சு போல்ட், போல்ட்டுங்க நிக்கிற வட்டம் 5.5 இன்ச், பழைய சிஜே ஜீப்புங்களுக்கு அப்படியே பொருந்தும். ரேங்ளர்ல பழைய மாடலான ஒய்ஜே, டிஜேன்னா அஞ்சு போல்ட் 4.5 இன்ச், அதுக்கு அப்புறம் வந்த ஜேகே, ஜேஎல்னா அஞ்சு போல்ட் 5 இன்ச், இதுக்கெல்லாம் ஒண்ணு நடுவுல அடாப்டர் போடணும், இல்லன்னா ஆக்சிலையே மாத்தணும். நான் சொல்றது ஆக்சிலை மாத்துங்கன்னுதான். 3500 பவுண்டு தாங்குற ட்ரெய்லர் ஆக்சில் ஆர்டர் பண்ணினா ஹப் முகத்துல இருந்து ஹப் முகம் வரைக்கும் எத்தனை இன்ச்சு, ஸ்பிரிங் நடுவுல இருந்து நடு வரைக்கும் எத்தனைன்னு நீங்க குடுக்குற அளவுக்கு, நீங்க கேட்ட போல்ட் வட்டத்தோட செஞ்சு குடுப்பாங்க, 10 இன்ச் எலெக்ட்ரிக் பிரேக்கும் அதுலயே வந்துரும். அகலமான டயர் போடுறதா இருந்தா தொட்டிக்கும் டயருக்கும் நடுவுல எவ்வளவு இடம், ஸ்பிரிங் அமுங்கினா மட்கார்டு இடிக்குமான்னு அளந்துட்டு ஆர்டர் குடுங்க. ஆனா ஆக்சில் 3500ன்னா வண்டியே 3500 தாங்கும்னு அர்த்தம் இல்ல, ஸ்பிரிங்கும் சேஸிஸும் அதே பழசுதான். ஆக்சிலும் ஸ்பிரிங்கும் மாத்தின எம்416ல கூட மொத்த எடை 1500 பவுண்டைத் தாண்ட நான் விடமாட்டேன். 1500ங்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலத்துல அந்த எடையில இருந்து ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வேணும்னு சட்டம், பல இடத்துல 3000 வரைக்கும் விட்டுருக்காங்க, உங்க மாநிலத்துல என்னன்னு பாத்துக்கங்க. சட்டம் கேக்கலன்னாலும் மலைப் பாதையில இறங்குறவங்க பிரேக் போட்டுக்கிறது நல்லது, சின்ன ஜீப்பைப் பின்னால இருந்து தள்ளுறப்பதான் அருமை தெரியும்.

முன்னாடி இருக்குற வளையம் பின்டில் கொக்கியில மாட்டுறதுக்கு. அதை அப்படியே வச்சுக்கலாம், ஜீப்பு பின்னாடி இருக்குற 2 இன்ச் சதுர ஓட்டையில, அதாவது ரிசீவர்ல, செருகுற பின்டில் கொக்கி கடையில கிடைக்குது, பள்ளம் மேட்டுல எப்படித் திருகினாலும் கழண்டுக்காது, உடையாது. என்ன, பிரேக் அடிச்சா டங்கு, கிளம்பினா டங்குன்னு சத்தம் விடாது, ஹைவேல ஆறு மணி நேரம் போறவங்களுக்கு மண்டை காஞ்சிரும். 2 இன்ச் பந்து கப்ளர் சத்தம் இல்லாம ஓடும், ஆனா வண்டி ரொம்ப கோணலா சாஞ்சா ஒரு அளவுக்கு மேல திருகாது. எல்லாப் பக்கமும் சுத்துற ஆஃப்ரோட் கப்ளர்னு தனியா விக்கிறாங்க, விலை ஜாஸ்தி, ஆனா நிஜமாவே மோசமான பாதையில போறவங்க அதுல காசைப் போடலாம், ரெண்டுங்கெட்டான் மண் ரோடு வரைக்கும்தான்னா சாதா பந்தே போதும்.

ட்ரா பார் இதுல ரொம்ப குட்டை. ரிவர்ஸ் எடுக்குறப்ப ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலே ட்ரெய்லர் சட்டுனு மடங்கி ஜீப்பு மூலையில இடிக்கும். ரெண்டு அடி நீட்டினீங்கன்னா ரிவர்ஸ் எடுக்குறது பாதி சுலபம், கேஸ் சிலிண்டர், டூல் பெட்டி வைக்கவும் அங்க இடம் கிடைக்கும். நீட்டுறப்ப பழைய நுனியில துண்டை ஒட்ட வச்சு வெல்டிங் பண்றது தப்பு, கால் இன்ச் சுவர் இருக்குற சதுரக் குழாயைத் தொட்டிக்கு அடி வரைக்கும் கொண்டு போயி ரெண்டு குறுக்குச் சட்டத்துல கட்டணும். வெல்டிங் சொந்தமா பழகுறவங்க ரேக்குல பழகுங்க, ட்ரா பாரை மட்டும் அதுவே தொழிலா இருக்குற ஆளுகிட்ட குடுத்துருங்க. சேஃப்டி செயின் ரெண்டு, ட்ரா பாருக்கு அடியில குறுக்கு மறுக்கா போட்டா கொக்கி கழண்டாலும் ட்ரா பார் அந்தச் செயின் மேல விழும், ரோட்டுல குத்தாது.

வயரிங் சீக்கிரம் சொல்லிடறேன். மிலிட்டரி லைட் எல்லாம் 24 வோல்ட், உங்க ஜீப்பு 12, பழைய பல்பு மாட்டினா மின்மினிப் பூச்சி அளவுக்குத்தான் எரியும். அந்த தடி வயர், பெரிய உருண்டை பிளக்கு எல்லாத்தையும் கழட்டிட்டு புதுசா இழுங்க. நாலு வயர் தட்டை பிளக்குல வெள்ளை எர்த், பிரவுன் டெயில் லைட், மஞ்சள் இடது பக்க பிரேக்கும் இண்டிகேட்டரும், பச்சை வலது பக்கம். எலெக்ட்ரிக் பிரேக் போட்டீங்கன்னா, இல்ல ஓடுறப்பவே பேட்டரி சார்ஜ் ஆகணும்னா ஏழு பின் பிளக்கு. ட்ரெய்லர் லைட் கோளாறு பத்துல எட்டு எர்த்தாலதான், பெயின்ட்டை நல்லா சுரண்டி வெறும் இரும்புல எர்த் அடிச்சு மேல கிரீஸ் தடவுங்க, பந்து வழியா எர்த் வரும்னு நம்பாதீங்க. எல்இடி லைட் போடுங்க, நம்பர் பிளேட்டுக்கும் ஒரு லைட் வேணும், அதை மறந்துருவாங்க.

இனிமேதான் கேம்பர் பகுதி. மூணு வழி இருக்கு. மூடியையே டென்ட் தரையா மடிச்சு விரிக்கிற மாதிரி செய்யலாம், ட்ரெய்லர் மேல ரேக் கட்டி வண்டிக் கூரை மேல வைக்கன்னு கடையில விக்கிற ரூஃப் டாப் டென்ட்டைத் தூக்கி வைக்கலாம், இல்ல ட்ரெய்லரை வெறும் சாமான் வண்டியா வச்சுக்கிட்டு பக்கத்துல தரையில டென்ட் அடிக்கலாம். மூணாவது வழிதான் எடையில ரொம்ப லேசு, அதை யாரும் கேக்க மாட்டாங்க, சரி. முதல் வழிக்குத் துணி தைக்கணும், தண்ணி ஒழுகாம ஓரம் அடிக்கணும், அது தையலும் வெல்டிங்கும் ரெண்டும் தெரிஞ்சவங்களுக்கு. மிச்ச எல்லாருக்கும் ரெண்டாவது வழி.

டென்ட்டைத் திறக்குற மூடி மேல மாட்டி, கேஸ் ஸ்ட்ரட், அதாவது கார் டிக்கியைத் தூக்கி நிறுத்துற கம்பி, போட்டு டென்ட்டோட மூடியையும் சேத்துத் தூக்குறது வீடியோல பாக்க ஜோரா இருக்கும். கணக்கு போடுங்க. மூடியும் டென்ட்டும் 200 பவுண்டு, பக்கவாட்டுல கீல், அகலம் 4 அடின்னா எடையோட நடு 2 அடியில, ஆக 400 பவுண்டு-அடி முறுக்கு. ஸ்ட்ரட் கீல்ல இருந்து 1 அடி தூரத்துல நேரா தள்ளுற மாதிரி இருந்தா ரெண்டு ஸ்ட்ரட்டும் ஆளுக்கு 200 பவுண்டு தள்ளணும், ஆனா மூடி மூடியிருக்குறப்ப ஸ்ட்ரட் கிட்டத்தட்ட படுத்திருக்கும், அப்ப தள்ளுற தூரம் 1 அடி கிடையாது, இன்னும் கம்மி, அதனால முதல்ல நீங்கதான் முக்கித் தூக்கணும். பெரிய ஸ்ட்ரட்டா போட்டா டென்ட் இல்லாதப்ப மூடியை மூடவே முடியாது. காத்துல அது சரிஞ்சு கையில விழுந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேணாம். அசையாத ரேக்குதான் நல்லது, மூடி தனியா அதுக்கு அடியில பக்கவாட்டுல பாதி திறக்கட்டும், இல்லன்னா மூடியே வேணாம், தார்பாய் கட்டிக்கலாம்.

ரேக்குக்கு ஒண்ணரை இன்ச் சதுரக் குழாய், சுவர் தடிமன் 14 கேஜ், அடிக்கு 1.6 பவுண்டு. மேல 6க்கு 4 அடி சட்டம் 20 அடி, நாலு காலு ஒண்ணரை அடி வீதம் 6, குறுக்க மூணு 12, ஆக 38 அடி, 61 பவுண்டு. இதையே பலமா இருக்கட்டும்னு 2 இன்ச், எட்டில் ஒரு இன்ச் சுவர்னு போனீங்கன்னா 116 பவுண்டு. 55 பவுண்டு வித்தியாசம், அது ஆறரை கேலன் தண்ணி. பலம் குழாய் தடிமன்ல வர்றதை விட மூலையில போடுற முக்கோண முட்டுல வரும், காலு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் முட்டு வைங்க, பக்கவாட்டு ஆட்டம்தான் ரேக்கை உடைக்கிறது. காலைத் தொட்டி விளிம்போட வெல்டிங் பண்ணாம போல்ட்டு போட்டா கழட்டி மாட்டலாம், ஊர்ல மரம் செடி ஏத்துறதுக்கும் ட்ரெய்லர் கிடைக்கும்.

உயரம் ஜீப்பு கூரைக்குக் கீழ இருக்கட்டும், காத்து எதிர்ப்பு குறையும், தலைப்பாரமும் ஆகாது. இதுல யாரும் யோசிக்காத ஒண்ணு ஏணி. மடிச்சு விரிக்கிற டென்ட்டுல வெளிய நீட்டுற பாதித் தரையைத் தாங்குறதே ஏணிதான், ஜீப்பு கூரை உயரத்துக்குன்னு செஞ்ச ஏணியை ட்ரெய்லர் உயரத்துக்கு வச்சா ரொம்ப சாஞ்சு நிக்கும். உங்க உயரத்துல பூட்டிக்கிற மாதிரி இழுப்பு ஏணியா பாத்து வாங்குங்க. டென்ட் எந்தப் பக்கம் விரியணும்னா, ஜீப்பைக் கழட்டாம படுக்குறவங்க பின்பக்கமா விரிங்க, கழட்டிட்டு ஊர் சுத்தப் போறவங்க பக்கவாட்டுல. எப்படி விரிச்சாலும் நீட்டுற தரைக்கு அடியில அடுப்பு வைக்காதீங்க, நிழலா இருக்கேன்னு அங்கதான் ஆசை வரும், மேல துணியும் பஞ்சும் இருக்கு. தோசைக்கல்லு, அடுப்பு எல்லாம் எதிர்ப் பக்கம் ஒரு இழுப்புப் பலகையில.

தூசிக்கு மூடி ஓரம் முழுக்க உள்ள காத்து இருக்குற ரப்பர் பீடிங் ஒட்டுங்க. மண் ரோட்டுல வண்டி ஓடுறப்ப பின்னாடி காத்தழுத்தம் குறைஞ்சு சந்து கிடைச்ச இடத்துல எல்லாம் தூசியை உள்ள இழுக்கும், மூடிக்கு முன்பக்கம் ஃபில்டர் வச்ச சின்ன காத்து வாய் வச்சா உள்ள அழுத்தம் கொஞ்சம் கூடி இழுக்குறது நின்னுடும். அடியில இருக்குற அடைப்பானை ஓடுறப்ப மூடி வைங்க, வீட்டுல நிறுத்தினா திறந்து வைங்க.

கேஸ் சிலிண்டரைத் தொட்டிக்குள்ள வைக்கவே கூடாது. புரொப்பேன் காத்தை விட கனம், கசிஞ்சா கீழதான் இறங்கும், தண்ணியே வெளிய போகாத தொட்டி இது, கேஸும் போகாது, உள்ள தேங்கி நிக்கும், அதுக்குள்ளயே ஃப்ரிட்ஜு கம்ப்ரசரும் பேட்டரி ஸ்விட்சும் இருந்தா என்ன நடக்கும்னு யோசிங்க. சிலிண்டர் வெளிய, ட்ரா பார் மேல, நிமிந்த நிலையில, ஓடுறப்ப வால்வு மூடி. பேட்டரி லித்தியம்னா உள்ள இருக்கலாம், தண்ணி ஊத்துற பழைய லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகுறப்ப ஹைட்ரஜன் விடும், அதுக்குக் காத்தோட்டம் இருக்குற தனிப் பெட்டி வேணும், எடையும் லித்தியத்தை விட ரெட்டிப்புக்கு மேல. பேட்டரியில இருந்து ஒரு அடிக்குள்ள ஃபியூஸ்.

சாமான் அடுக்குறதுல ஒரே விதி, மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதம் கொக்கி மேல அழுத்தணும். 1080 பவுண்டுன்னா 108ல இருந்து 162. வீட்டுல எடை பாக்குற மெஷினைக் கப்ளருக்கு அடியில வச்சு, ஜீப்புல மாட்டுற அதே உயரத்துக்குக் கட்டை முட்டு குடுத்து இறக்கிப் பாருங்க, நம்பர் வந்துரும். கம்மியா வந்தா ஹைவேல பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். ட்ரா பாரை நீட்டினீங்கன்னா இந்த எடை கொஞ்சம் குறையும், அதனால நீட்டின பிறகு அளங்க. தண்ணி டேங்கை ஆக்சிலுக்கு நேர் மேலயோ கொஞ்சம் முன்னாடியோ வச்சா தண்ணி தீர தீர கணக்கு பெருசா மாறாது. கிச்சன் பெட்டியைக் கடைசியில மாட்டி எல்லா பாத்திரத்தையும் அங்க அடுக்குறவங்கதான் நெளியுது நெளியுதுன்னு புலம்புறது.

கேம்ப்புல போய் நின்னதும் ஜீப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் முட்டுக் கட்டை, அப்புறம் முன்னாடி இருக்குற மடக்குக் காலை இறக்கி, நாலு மூலையிலயும் ஸ்டெபிலைசர் ஜாக், அதுக்கு அப்புறம்தான் டென்ட்டு. ஸ்டெபிலைசர் ஆட்டத்தை நிறுத்தத்தான், அதை வச்சு வண்டியைத் தூக்கினா வளைஞ்சிடும், மட்டம் பாக்கணும்னா சக்கரத்துக்கு அடியில பலகை வைங்க. அமெரிக்க மத்திய அரசோட நில நிர்வாகத் துறையான பிஎல்எம் நிலத்துல பல இடத்துல பொதுவா 28 நாள்ல 14 நாள் வரைக்கும் ஒரே இடத்துல காசு இல்லாம தங்கலாம், அங்க பெரும்பாலும் தண்ணி, கக்கூஸ் எதுவும் இருக்காது, இந்த ட்ரெய்லரோட அருமை அங்கதான்.

புது கேன்வாஸ் டென்ட்டா இருந்தா முதல் பயணத்துக்கு முன்னாடி வீட்டு வாசல்ல விரிச்சு ஹோஸ் பைப்புல நல்லா நனைச்சு காய விடுங்க, ரெண்டு தடவை, நூல் ஊறி தையல் ஓட்டையை அடைச்சுக்கும். மெத்தைக்கு அடியில காத்து போற வலைப் பாய் போடுங்க, மூச்சு விடுற ஈரம் எல்லாம் அங்கதான் இறங்கும். மழையில மடிச்சு வந்தா வீட்டுக்கு வந்த அன்னைக்கோ மறுநாளோ திரும்ப விரிச்சுடணும், இல்லன்னா பூஞ்சை, அந்த நாத்தம் போகவே போகாது.

முதல் ஓட்டத்தை ஹைவேல வேணாம், பக்கத்து ஊர் வரைக்கும் போங்க. 10 மைல்ல நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னா சரி, கை வைக்க முடியலன்னா பேரிங் இறுக்கம் ஜாஸ்தி. 50 மைல்ல சக்கர நட்டை டார்க் ரெஞ்ச் வச்சு மறுபடி இறுக்குங்க, ரேக் போல்ட்டையும் சேத்து. அப்படியே போற வழியில லாரி எடைபோடுற மெஷின் இருந்தா ட்ரெய்லரை மட்டும் மேல ஏத்தி எடை போட்டு அந்தச் சீட்டை மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைங்க, அடுத்த தடவை ஜெனரேட்டரும் எடுத்துக்கலாம்னு யாராவது வீட்டுல ஆரம்பிச்சா காட்டுறதுக்கு.